பழைய ஃபைபர் போட்டுல உள்ள மரம் இத்துப்போச்சு, மேல ரெண்டு மேட் வச்சு ரெசின் அடிச்சா போதுமா?

நீங்க கேட்டது இதுதான்: ஈசிஆர் பக்கம் ஒரு ரிசார்ட்ட மூடும்போது 17 அடி ஃபைபர் மோட்டார் போட்டு ஒண்ண வாங்கியிருக்கீங்க, 90கள் கடைசில கட்டுனது, நாலஞ்சு மழைக்காலம் திறந்த வெளிலயே கிடந்திருக்கு. தரைல கால வச்சா மெத்து மெத்துன்னு அமுங்குது, இன்ஜின் மாட்டுற பின்பலகைல ஒரு விரிசல், அது வழியா பழுப்புத் தண்ணி கசியுது. பக்கத்துல ஒருத்தர் "மேல ரெண்டு மேட் வச்சு ரெசின் அடிங்க, இன்னும் பத்து வருசம் ஓடும்"னு சொல்லிட்டாரு (மேட்னா கண்ணாடி நார் விரிப்பு, ரெசின்னா அத நனைச்சுக் கெட்டியாக்குற பிசின்), அது சரியான்னு கேக்குறீங்க. ஆனா நீங்க எழுதுனதுல கடைசி வரில பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போகணும்னு ஒரு வார்த்தை இருக்கு பாருங்க, என்னப் பொறுத்தவரைக்கும் அதுதான் கேள்வி. 40 ஹெச்பி இன்ஜின மாட்டி வீட்டு ஆளுங்கள உக்கார வச்சு இந்த போட்ட நம்பித் தண்ணில இறங்கலாமா, இறங்கணும்னா எவ்ளோ தூரம் அறுத்து எடுக்கணும்? அதுக்குத்தான் பதில் சொல்றேன்.

நான் இந்த வேலைல 26 வருசமா இருக்கேன், முதல் ஒம்பது வருசம் துபாய் பக்கம் அஜ்மான்ல ஒரு போட்டு யார்டுல ஸ்பீடு போட்டு ரிப்பேர், அப்புறம் ஊருக்கு வந்து தூத்துக்குடில மீன்பிடி ஃபைபர் போட்டுங்க, நடுநடுவுல ரிசார்ட் போட்டுங்களும் வரும். முதல்லயே சொல்லிடுறேன், மேல ரெசின் அடிக்கிறது தப்பு. இதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. உள்ள ஈரம் இருக்கும்போது மேல மூடுனா அந்த ஈரத்த உள்ளயே பூட்டி வைக்கிறீங்க, மரம் இன்னும் வேகமா மக்கும், அதவிட மோசம் என்னன்னா வெளிய பாக்குறதுக்கு நல்லா இருக்கும், அத நம்பி நீங்க கரைல இருந்து ரெண்டு கிலோமீட்டர் போயிடுவீங்க.

ஏன்னு சொல்றேன். ஃபைபர் போட்டுன்னு பேரு, ஆனா அந்தக் காலத்து ப்ளஷர் போட்டுல பாதி பலம் உள்ள இருக்குற ப்ளைவுட்டுதான். பின்பலகைய எடுத்துக்குங்க, டிரான்சம்னு சொல்றது, வெளில ஒரு ஃபைபர் தோலு, உள்ள ஒரு ஃபைபர் தோலு, நடுவுல ஒண்ணரை அங்குலம் கனத்துல ப்ளை. ரெண்டு அட்டைய தனித்தனியா கைல பிடிச்சு வளைச்சா சும்மா வளையும், நடுவுல ஒரு கட்டைய வச்சு ஒட்டிட்டா வளைக்க முடியாது, அவ்ளோதான் விசயம். நடுவுல இருக்குற கட்டை மக்கிட்டா மறுபடியும் ரெண்டு தனி அட்டைதான், அதுல 40 ஹெச்பி டூ ஸ்ட்ரோக் இன்ஜின் 70, 75 கிலோ தொங்குது, ஃபோர் ஸ்ட்ரோக்னா 100 கிலோவத் தொடும், அது சும்மா தொங்கவும் செய்யாது, ஓடும்போது கீழ தள்ளும், அலைல குதிக்கும்போது மேல கீழ அடிக்கும். அஜ்மான்ல இருந்தப்ப ஒரு போட்டு வந்துச்சு, வெளிப்பக்கம் பளபளன்னு புது பெயிண்ட், ஓனர் ரெண்டு வருசம் முன்னாடி இதே மாதிரி மேல மேட் ஒட்ட வச்சிருந்தாரு. இன்ஜின் முழு வேகத்துல இருக்கும்போது பின்பலகையோட மேல் பாதியே பிச்சுக்கிட்டு போச்சு, ஸ்டீயரிங் கேபிள் பிடிச்சு இழுத்ததால இன்ஜின் கடலுக்குள்ள போகல, ஆனா தண்ணி உள்ள வந்துடுச்சு. பக்கத்துல வேற போட்டு இருந்ததால ஆளுங்க பொழச்சாங்க. நாங்க அந்த மரத்த கையால அள்ளுனோம், ஊறப்போட்ட புளி மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறம் பெயிண்ட்ட பாத்து ஒரு போட்டையும் நான் நல்லா இருக்குன்னு சொன்னது இல்ல.

மரத்த மக்க வைக்கிறது பூஞ்சை. அதுக்கு ஈரமும் காத்தும் ரெண்டும் வேணும், மரத்துல ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ இருந்தா அதால வேலை செய்ய முடியாது. இன்னொண்ணு, நிறைய பேர் கடல் தண்ணிதான் மரத்தக் கெடுக்குதுன்னு நினைக்கிறாங்க, பூஞ்சை விசயத்துல அது தலைகீழ், உப்பு அதக் கொஞ்சம் தடுக்கும், மழைத்தண்ணிதான் எமன். தினம் கடலுக்குப் போற போட்டோட மரத்தவிட, ரிசார்ட்ல தார்ப்பாய் கிழிஞ்சு, வடிகால் ஓட்டைல சருகு அடைச்சு, ஒரு வடகிழக்குப் பருவமழை முழுக்க தொட்டி மாதிரி தண்ணி நின்ன போட்டோட மரம் சீக்கிரம் போகும். உங்களோடது ரெண்டாவது ரகம். தண்ணி உள்ள போற வழி எப்பவும் ஓட்டைங்கதான், இன்ஜின் போல்ட்டு, வடிகால் குழாய், தரைல சீட்டுக்கு அடிச்ச ஸ்க்ரூ, பின்பலகை மேல அலுமினியப் பட்டைக்கு அடிச்ச ஸ்க்ரூ. கட்டுனவங்க ஓட்டை போட்டு ஸ்க்ரூ அடிச்சுட்டுப் போயிடுவாங்க, ப்ளையோட வெட்டு முகம் திறந்தே இருக்கும், அது திரி மாதிரி தண்ணிய உறிஞ்சும்.

அதனால அறுக்குறதுக்கு முன்னாடி எவ்ளோ போயிருக்குன்னு பாருங்க. ஒரு சின்ன சுத்தியல், இல்ல ஸ்க்ரூ டிரைவரோட பிடி போதும், பின்பலகை முழுக்க ரெண்டு ரெண்டு அங்குலத்துக்கு தட்டிக்கிட்டே வாங்க, நல்ல இடத்துல டக்குடக்குன்னு கெட்டியா கேக்கும், செத்த இடத்துல தொப்பு தொப்புன்னு கேக்கும், மார்க்கர்ல வட்டம் போட்டுக்கிட்டே வாங்க. இதுல ஒரு எச்சரிக்கை: ஈரமா இருந்தும் இன்னும் மக்காத மரம் சத்தத்துல மாட்டாது. ஆக தட்டுறதோட நிறுத்தாம உள்பக்கம் இருந்து 5 எம்எம் டிரில்லால ஓட்டை போடுங்க, வெளித்தோல் வரைக்கும் போகக்கூடாது, டிரில்லுல ஒரு டேப் சுத்தி ஆழத்துக்கு அளவு வச்சுக்குங்க. முக்கியமா கீழ் மூலை ரெண்டு, வடிகால் குழாயச் சுத்தி, இன்ஜின் போல்ட்டச் சுத்தி. வர்ற தூளப் பாருங்க. வெளிர் நிறத்துல காஞ்சு சுருளா வந்தா நல்ல மரம், கருப்பா ஈரமா காப்பித்தூள் கசடு மாதிரி வந்து மோப்பம் பாத்தா புளிச்ச வாடை அடிச்சா போச்சு. ஓட்டைல இருந்து தண்ணியே சொட்டும் சில சமயம், பயப்படாதீங்க, இந்த ஓட்டைய அடைக்கிறது சுலபம். இன்ஜின் இப்ப மாட்டியிருந்தா இன்னொரு சோதனை இருக்கு, இன்ஜின முழுசா தூக்கி லாக் பண்ணிட்டு ஒருத்தர் ப்ரொப்பல்லர் இருக்குற அதோட கீழ் காலப் பிடிச்சு மேலயும் கீழயும் அழுத்தணும், இன்னொருத்தர் பின்பலகைய மட்டும் உத்துப் பாக்கணும். பலகை அசைஞ்சாலோ விரிசல் வாய் திறந்து மூடுனாலோ அதுக்கு மேல ஆராய்ச்சி தேவையில்ல.

பழுப்புத் தண்ணி கசியுதுன்னு நீங்க சொன்னத வச்சு உங்க பின்பலகை போயிடுச்சுன்னு நான் துணிஞ்சு சொல்வேன், அது மக்குன மரத்தோட சாறு. தரையும் போச்சு. ஆனா தரைக்குக் கீழ நீளவாட்டுல ஓடுற ஸ்டிரிங்கர் கட்டைங்க எப்படி இருக்குன்னு படத்த வச்சு யாராலயும் சொல்ல முடியாது, நான் நேர்ல வந்தாலும் தரைய ஒரு அடிக்கு ஒரு அடி ஜன்னல் மாதிரி வெட்டிப் பாத்துட்டுத்தான் சொல்வேன். அங்க ஒரு நல்ல செய்தி இருக்க வாய்ப்பு இருக்கு. சில போட்டுல ஸ்டிரிங்கர் மேல ஃபைபர் 4, 5 எம்எம் கனமா சுத்தியிருப்பாங்க, அதுல மரம் வெறும் அச்சுதான், மரம் மக்குனாலும் ஃபைபர் பெட்டியே சுமையத் தாங்கும். வேற சிலதுல ஒரே ஒரு மேட்ட மேல போத்தி விட்டிருப்பாங்க, அதுல மரம்தான் எல்லாம். வெட்டுன ஓரத்துல ஃபைபரோட கனத்த அளந்தாலே இது எந்த வகைன்னு தெரிஞ்சுடும்.

அடுத்தது ஃபோம். தரைக்குக் கீழ மஞ்சளா பியூ ஃபோம், அதாவது பாலியூரித்தேன் நுரை, ஊத்தியிருப்பாங்க, மூழ்காம இருக்க. வருசக்கணக்கா தண்ணில கிடந்தா அது ஸ்பாஞ்சு மாதிரி ஆயிடும், ஒரு துண்டு வெட்டி கைல பிழிஞ்சு பாருங்க. நூறு லிட்டர் தண்ணி உள்ள இருந்தா நூறு கிலோ, போட்டு எப்பவும் ரெண்டு பேர அதிகமா ஏத்திக்கிட்டு போற மாதிரி. இத வெயில்ல காய வச்சு சரி பண்ணலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, காயாது, வெட்டித்தான் எடுக்கணும். அதே சமயம் எடுத்துட்டு சும்மா விடவும் கூடாது. ஃபைபர் தண்ணியவிட கனம், ஃபோம் இல்லாம தண்ணி நிறைஞ்சா இன்ஜினோட சேந்து நேரா அடிக்குப் போயிடும். நூறு கிலோவ மிதக்க வைக்க கிட்டத்தட்ட நூறு லிட்டர் அளவுக்கு ஃபோமோ மூடுன காத்து அறையோ வேணும்னு கணக்கு வச்சுக்குங்க, முடிஞ்ச அளவு ஓரத்துல மேலாக்க வைங்க, அப்பதான் தண்ணி நிறைஞ்சாலும் கவிழாம நிக்கும். புதுசா வைக்கும்போது அடில தண்ணி ஓடிப்போறதுக்கு ஒரு வாய்க்கால் விட்டுடுங்க, முதல்ல கட்டுனவங்க பண்ணாம விட்டது பெரும்பாலும் அதான். தெர்மாகோல் வைக்கலாமான்னு கேப்பீங்க, இந்த வேலைக்கு வழக்கமாப் போடுற பாலியஸ்டர் ரெசின் பட்டா அது கண்ணு முன்னாடியே கரைஞ்சுடும்.

சரி, வேலைய எப்படிப் பண்றது. முதல்ல போட்ட சமமா, அடிப்பக்கம் நாலஞ்சு இடத்துல அதோட வளைவுக்கே வெட்டுன கட்டைங்க மேல உக்கார வைங்க. இது ரொம்ப முக்கியம், ஏன்னா தரையும் ஸ்டிரிங்கரும் எடுத்துட்டா மிச்சம் இருக்குற தோலு தொய்யும், அந்தத் தொய்வோட புதுக் கட்டைய வச்சு ஒட்டிட்டா கோணல் நிரந்தரம், அப்புறம் போட்டு நேரா ஓடாது, முக்கும். எல்லா ஸ்டிரிங்கரையும் ஒரே நாள்ல எடுக்காதீங்க, ஒண்ண எடுத்து ஒண்ண வச்சு அப்புறம் அடுத்தது. எடுக்குறதுக்கு முன்னாடி பின்பலகையோட உயரம், சாய்வு எல்லாம் அட்டைல வெட்டி வச்சுக்குங்க, கால் குட்டையான ஷார்ட் ஷாஃப்ட் இன்ஜினுக்கு 15 அங்குலம், கால் நீளமான லாங் ஷாஃப்ட்டுக்கு 20 அங்குலம் உயரம் வரணும், இது மாறுச்சுன்னா ப்ரொப்பல்லர் ஒண்ணு காத்தப் பிடிக்கும், இல்ல ரொம்ப ஆழத்துல இழுக்கும்.

பின்பலகைய உள்பக்கமா அறுக்குறதுதான் எனக்குப் பிடிச்ச வழி. வெளித்தோல் அப்படியே இருக்கும், போட்டோட வடிவம் மாறாது, வெளில பளபளன்னு இருக்குற ஜெல்கோட்டு பூச்சும் கெடாது. உள்தோல ஓரத்துல ரெண்டு மூணு அங்குலம் விட்டு கிரைண்டரால அறுத்து எடுத்துட்டு மக்குன மரத்த உளியால பேத்து எடுங்க, கீழ் மூலைல நல்ல மரம் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கும், "இது நல்லாத்தானே இருக்கு"ன்னு விட்டுடாதீங்க, முழுசா எடுங்க. அப்புறம் வெளித்தோல நல்லா காய விடுங்க. புதுசா ரெசின் பிடிக்கணும்னா பழைய ஃபைபர முதல்ல அசிட்டோன்ல துடைச்சுட்டு அப்புறம் 36 கிரிட்டோ 40 கிரிட்டோ உள்ள சொரசொர டிஸ்க்குல தேய்க்கணும், இந்த வரிசை மாறக்கூடாது, தேய்ச்சிட்டுத் துடைச்சா மெழுகையும் எண்ணெயையும் உள்ள தேய்ச்ச மாதிரி ஆகும். பழைய பாலியஸ்டரோட புது பாலியஸ்டர் வேதியியலா ஒட்டாது, அந்த சொரசொரப்பப் பிடிச்சுத்தான் நிக்கும், அதனால தேய்க்கிறதுல சோம்பல் பட்டா மொத்த வேலையும் பாழ். தேய்க்கும்போது நல்ல மாஸ்க், கண்ணாடி, முழுக்கை சட்டை. அரிப்புக்குத் தேங்காண்ணெய் தடவுற பழக்கம் நம்ம பசங்ககிட்ட இருக்கு, தடவுன கையோட லேமினேட் போடுற இடத்த மட்டும் தொடாதீங்க, எண்ணெய் பட்ட இடத்துல ரெசின் பிடிக்காது.

மரத்துக்கு ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் ப்ளை வாங்குங்க. முத்திரைய மட்டும் நம்பாம ஒரு சின்னத் துண்ட வெட்டி அடுப்புல எட்டு மணி நேரம் கொதிக்க வச்சு காய வச்சுப் பாருங்க, தரச்சோதனைல 72 மணி நேரம் கொதிக்க வைக்கிறாங்க, அதத் தாங்குற ப்ளை எட்டு மணி நேரத்துல வாயப் பிளக்கக் கூடாது. 18 எம்எம்ல ரெண்டு அடுக்கு, 36 எம்எம், மேல ரெண்டு தோலும் சேந்தா 45 எம்எம் கிட்ட வரும், உங்க இன்ஜின் கிளாம்ப்புக்கு அது பொருந்துதான்னு அளந்து பாத்துக்குங்க. ப்ளையோட வெட்டு முகத்துக்கு லேசான ரெசின ரெண்டு மூணு தடவை குடிக்கக் குடிக்கக் கொடுங்க. வெளித்தோலுக்கும் ப்ளைக்கும் நடுவுல ரெசின்ல நனைச்ச 450 மேட் (சதுர மீட்டருக்கு 450 கிராம்) ஒண்ணு, ரெசின்ல பொடி கலந்து கெட்டியாக்குன புட்டி, அப்புறம் பழைய இன்ஜின் போல்ட்டு ஓட்டை வழியாவே கட்டை வச்சு இறுக்குங்க, ஓரத்துல புட்டி பிதுங்கி வர்ற அளவு போதும், எல்லாத்தையும் பிழிஞ்சு வெளிய தள்ளிடாதீங்க. ப்ளையோட ஓரம் அடித்தோல நேரா முட்டக்கூடாது, 5 எம்எம் இடைவெளி விட்டு புட்டியால ஒரு அங்குல ஆரத்துக்கு வளைவு கொடுங்க, கண்ணாடி நார் செங்குத்தான மூலைல படியாது, உள்ள காத்து நிக்கும், அந்தக் காத்துதான் நாளைக்கு விரிசல். அதுக்கு மேல 450 மேட், 600 ரோவிங் (கண்ணாடி நார்ல நெஞ்ச துணி), மேட், ரோவிங், மேட்டுன்னு அஞ்சு அடுக்கு, ஒவ்வொண்ணும் முந்தினதவிடக் கொஞ்சம் வெளிய நீண்டு பக்கச் சுவருக்கு ஏறணும். மொத்தம் நாலரை எம்எம் கிட்ட வரும். பழைய தோலோட இணைக்கிற இடத்துல கனத்தோட 12 மடங்கு நீளத்துக்குச் சரிவா தேய்ங்க, 5 எம்எம் தோல்னா 60 எம்எம்.

ரெசின் கலக்குறதுல ஒரே ஒரு விசயத்துக்கு உங்க கையப் பிடிச்சு சொல்றேன்: ரெசின வேகப்படுத்துற கோபால்ட்டையும் அதக் கட்டியாக வைக்கிற ஹார்டனரையும் ஒருபோதும் நேரா ஒண்ணா ஊத்தாதீங்க, வெடிக்கும். கோபால்ட்ட முதல்ல ரெசின்ல முழுசாக் கலக்கிட்டு அப்புறம்தான் ஹார்டனர். ரெண்டு பாட்டிலையும் பக்கத்துல பக்கத்துல கூட வைக்காதீங்க. ஹார்டனர் கண்ணுல பட்டா பார்வையே போகலாம், உடனே ஓடுற தண்ணில கால் மணி நேரமாவது கழுவிட்டு ஆஸ்பத்திரி. ஹார்டனரோட அளவு ஒரு சதவீதத்துல இருந்து ரெண்டுக்குள்ள, வெயில் காலத்துல சீக்கிரம் கட்டியாகுதேன்னு ஒண்ணுக்குக் கீழ குறைச்சா அந்த ரெசின் என்னைக்கும் முழுசாக் காயாது. அளவக் குறைக்கிறதுக்குப் பதிலா வேலைய விடியக்காலைல ஆரம்பிங்க, ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு மேல கலக்காதீங்க. பிப்ரவரில இருந்து மே வரைக்கும் நல்ல காலம், ஐப்பசி கார்த்திகைல தொடாதீங்க.

எபாக்ஸியா (அது இன்னொரு வகை ரெசின்) பாலியஸ்டரான்னு கேட்டிருந்தீங்க. இங்க எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு, அத முடிவான உண்மைன்னு எடுத்துக்க வேணாம், இதே தொழில்ல இருக்குற நல்ல ஆளுங்களே ஒத்துக்க மாட்டாங்க. எபாக்ஸி பழைய ஃபைபர்லயும் மரத்துலயும் கண்டிப்பா நல்லாப் பிடிக்கும், அதுல தகராறு இல்ல. ஆனா விலை ரொம்ப ஜாஸ்தி, சாதாரண மேட்டுல இருக்குற பசை பாலியஸ்டர்ல கரையும் எபாக்ஸில கரையாது, அதனால தைச்ச துணி தனியா வாங்கணும், எபாக்ஸி மேல பாலியஸ்டர் ஜெல்கோட்டு சரியாப் பிடிக்காது. மரத்த ஃபைபர் தோலோட ஒட்டுற இடத்துக்கு மட்டும் எபாக்ஸி, மிச்சத்துக்கு ஐஸோ ரெசின் (தண்ணிய நல்லாத் தாங்குற பாலியஸ்டர் வகை)னு சிலர் பண்றாங்க, எபாக்ஸி நல்லாக் காஞ்சு, கழுவி, தேய்ச்சிருந்தா அது நிக்கும், நான் மட்டும் கலக்க விரும்பமாட்டேன். உங்க போட்டுக்கு ஒழுங்காத் தேய்ச்சு ஐஸோ போட்டாப் போதும்னு நினைக்கிறேன். மக்குன மரத்துக்குள்ள ஓட்டை போட்டு எபாக்ஸிய ஊசில ஏத்துற வைத்தியம் மட்டும் வேண்டாம், ஈரம் நிறைஞ்ச மரத்துக்குள்ள அது போகாது, போன இடத்துல ஒரு கட்டி மாதிரி நிக்கும், சுத்தி இருக்குறது மக்கிக்கிட்டே இருக்கும்.

சாமான் கணக்கு தோராயமா: பின்பலகைக்கு ஒரு 18 எம்எம் ஷீட்டு, தரை 10 அடிக்கு 5 அடின்னா 12 எம்எம் ரெண்டு ஷீட்டு, தரையோட ரெண்டு பக்கமும் ஒரு மேட் போட நாலு கிலோ மேட்டும் பத்து கிலோ ரெசினும், பின்பலகைக்கு ஏழெட்டு கிலோ ரெசின், ஸ்டிரிங்கரும் சேந்தா மொத்தம் 35, 40 கிலோ ரெசின்ல முடியும். ரெண்டு பேர் சனி ஞாயிறு மட்டும் பாத்தா நாலு மாசம் ஆகும், அதுல பாதி நாள் அறுக்குறதும் தேய்க்கிறதும்தான்.

முடிச்சதும் ஓட்டை போடும்போது பழைய தப்பப் பண்ணாதீங்க. 12 எம்எம் போல்ட்டுக்கு முதல்ல 20 எம்எம் ஓட்டை போட்டு, கெட்டியாக் கலக்குன ரெசினால முழுசா அடைச்சு, காஞ்சப்புறம் அதுக்கு நடுவுல 12 எம்எம் ஓட்டை, அப்ப போல்ட்டு வழியா தண்ணி வந்தாலும் மரத்தத் தொடாது. வடிகாலுக்கும் இதே மாதிரி, தரைல போற ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் இதே மாதிரி. நான் திறந்து பாத்த மக்குன போட்டுங்கள்ல பாதிக்கு மேல, இந்த ஒரு வேலைய முதல்லயே பண்ணியிருந்தா என்கிட்ட வந்திருக்கவே வேண்டாம். சீலன்ட் பாலியூரித்தேன் வாங்குங்க, பாத்ரூம் சிலிக்கான் வேண்டாம்.

எப்ப விட்டுடணும்னும் சொல்லணும். தரைய அறுத்தப்புறம் அடித்தோல்லயே, மரம் இல்லாத இடத்துல, அடுக்கடுக்காப் பிரிஞ்சு வந்தா, இல்ல அடி ஓர மடிப்புல நீளமா விரிசல் வெளில இருந்து உள்ள வரைக்கும் ஓடியிருந்தா, நானா இருந்தா அதோட நிறுத்திடுவேன், அந்தக் காசுக்குப் புது ஹல், அதாவது போட்டோட வெறும் உடம்பு, வாங்குறது மேல். இன்னொண்ணு, இது வீட்டு ஆளுங்களுக்கு மட்டுமா, இல்ல வெளி ஆளுங்களையும் ஏத்திக் காசு வாங்கவான்னு நீங்க தெளிவாச் சொல்லல. காயல், ஏரி, ஆறுன்னு உள்நாட்டு நீர்ல மோட்டார் வச்சு ஓட்டணும்னா 2021 உள்நாட்டுக் கப்பல்கள் சட்டப்படி பதிவும் சர்வேயும் இருக்கு, சர்வேயர் வந்து பாக்குறதுக்கு முன்னாடி தரைய மூடிடாதீங்க, திறந்து இருக்கும்போதே ஒரு தடவை காட்டிடுங்க, ஸ்டிரிங்கர் ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்து வச்சுக்குங்க.

இந்த வாரம் தட்டிப் பாத்து, டிரில் போட்டு, தரைல ஒரு ஜன்னல் மட்டும் வெட்டுங்க. வந்த தூள ஒவ்வொரு ஓட்டைக்கும் தனித்தனியா வெள்ளைப் பேப்பர்ல வச்சு, ஸ்டிரிங்கர் வெட்டு ஓரத்துக்குப் பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு படம் எடுத்துப் போடுங்க, அதப் பாத்துட்டு ஸ்டிரிங்கர எடுக்கணுமா விடலாமான்னு சொல்றேன். அதுவரைக்கும் இன்ஜின அந்தப் பலகைல இருந்து இறக்கித் தனியா வச்சுடுங்க.